விருந்தாளி தொடாத குடம்

அந்த மேட்டு ஜனங்களுக்கு ஒரு வியாதி உண்டு. விருந்தாளி கண்ணில் காலிக் குடம் பட விடமாட்டார்கள். தங்கள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தாலும் சரி, ஏறி வருகிறவருக்குக் கால் கழுவ ஒரு செம்பு, குடிக்க ஒரு செம்பு, கிளம்பும்போது முகம் அலம்ப ஒரு செம்பு என்று நீட்டிவிடுவார்கள். "இங்க தண்ணிக்குக் கஷ்டமா?" என்று வந்தவர் வாய் தவறிக் கேட்டுவிட்டால் போச்சு. "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று வரிசை வீடு அத்தனையும் ஒரே குரலில் சொல்லும். விருந்தாளியிடம் போய்க் குறை சொல்வது, இலையில் உட்கார வைத்துவிட்டு அரிசி என்ன விலை தெரியுமா என்று கேட்பது மாதிரி. அப்படித்தான் அவர்கள் நினைத்தார்கள்.

யார் விருந்தாளி, யார் வீட்டு ஆள் என்று பார்க்கவும் அவர்களிடம் இருந்தது ஒரே அடையாளம்தான். அதுவும் குடம்தான். விருந்தாளி குடத்தைத் தொடமாட்டார், தொட விடவும் மாட்டார்கள். தொட்டுத் தூக்கிவிட்டாரோ, அந்த நிமிஷத்தோடு மரியாதை எல்லாம் முடிந்தது. அப்புறம் அவர் வீட்டு ஆள். வையலாம், வேலை வாங்கலாம், மனசில் இருப்பதைக் கொட்டலாம்.

புது மருமகளுக்கும் இதே சட்டம்தான். அதனால் கெட்டிக்காரப் பெண்கள் குடத்துப் பக்கமே போகாமல் விருந்தாளியாகவே கொஞ்ச நாள் இழுத்துப் பார்ப்பார்கள். இந்தக் கதையில் வருகிறவளுக்கு அந்தச் சாமர்த்தியம் பத்தவில்லை. வாழ்க்கைப்பட்டு வந்த மறுநாளே, நாத்தனார் குடத்தோடு மூச்சு வாங்க ஏறி வருவதைப் பார்த்து, மனசு கேட்காமல் எதிரே ஓடிப் போய்க் குடத்தை வாங்கிவிட்டாள். அதுவரை "வாம்மா, உக்காரும்மா, வெயில்ல நிக்காதம்மா" என்று தாங்கிக்கொண்டிருந்த நாத்தனார், தலைச்சுமை இறங்கின அதே மூச்சில் சொன்னாள்:

"சரி, நின்னுக்கிட்டு இருக்காதடி. இன்னொரு நடை போயிட்டு வா."

அன்றைக்கு இறங்கினவள்தான். பிள்ளைகள் பெற்று, வளர்த்து, கட்டிக் கொடுத்த பிறகும் இறங்கி ஏறிக்கொண்டே இருந்தாள்.

வெயில் காலத்தில் அவர்களுக்கு இருந்தது ஒரே ஊற்று. வீடுகள் மேலே, ஊற்று கீழே பாறை இடுக்கில். மழைக் காலத்தில் வீடுகளுக்கு மேல்புறத்து ஓடையில் தண்ணீர் அலறிக்கொண்டு இறங்கும். கடன் வாங்கினவன் தெருவைக் கடக்கிற மாதிரி, நின்று யார் முகத்தையும் பார்க்காமல் ஓடிப் போய்விடும். அதை மறித்து ஓடையில் ஒரு தடுப்பணை, அதன் காலடியில் ஒரு தொட்டி, தொட்டியிலிருந்து வீட்டு வரிசைக்கு ஒரு குழாய். இவ்வளவு போதும், வெயில் காலத்தை ஓட்டிவிடலாம்.

பழங்குடி ஜனங்களுக்கு என்றே அரசாங்கத்தில் ஒரு நீர்ச் சேமிப்பு நிதி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் மேட்டில் ஒரு சங்கம் வைத்தார்கள். செயலாளர் யார் என்ற பேச்சு வந்தபோது அவள் ஊற்றில் இருந்தாள். இல்லாதவள் தலையில் கட்டுவதுதானே எல்லாருக்கும் சௌகரியம். குடத்தோடு ஏறி வந்தவளை "வாங்க செயலாளரே" என்று கை தட்டி வரவேற்றார்கள். அப்புறம் அதுவே பெயராகிவிட்டது. புருஷனே "செயலாளரே, சோறு ஆச்சா?" என்று கேட்கிற அளவுக்கு.

செயலாளர் மனுப் போட்டாள். ஒரு அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார். மனு தள்ளுபடி. அடுத்த வருஷமும் போட்டாள். வேறொரு அதிகாரி வந்தார். அதுவும் தள்ளுபடி. என்னதான் குறை என்று கேட்டுவிடலாம் என்று பஸ் ஏறி அலுவலகத்துக்கே போய்விட்டாள்.

மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கிற கூடம். சுவரோரம் இரும்பு நாற்காலிகள். கவுன்ட்டரில் ஒரு அம்மா, மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தாள். செயலாளர் தன் தலையைத் தொட்டுக் காட்டினாள். அதில் இருவருக்கும் சிநேகமாகிவிட்டது.

"உங்க மனுவை ஏன் தள்ளினாங்கன்னா," கவுன்ட்டர் அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னாள், "உங்களுக்குத் தண்ணி ஏகப்பட்டது இருக்காம்."

"எங்களுக்கா?"

"நேர்ல வந்து பாத்தவங்க எழுதியிருக்காங்கம்மா. வீட்டுக்கு வீடு குடம் நிறைஞ்சு நிக்குதாம். கால் கழுவத் தண்ணி, கேக்கறதுக்கு முன்னாடியே குடிக்கத் தண்ணி. நிறைகுடம் தளும்பாதும்பாங்க, உங்க ஊர்ல தளும்புதாம். எங்க ஃப்ளாட்ல ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணி வருது. என் மாமியார் என்கிட்ட கேட்டுட்டுத்தான் தலைக்குக் குளிக்கறாங்க. அங்க வாடகைக்கு ஒரு வீடு இருந்தா சொல்லு, நாங்க வந்துடறோம்."

செயலாளருக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

"அது அவங்க வர்றாங்கன்னு ஊத்துலேர்ந்து சுமந்து வச்சதும்மா. அடுத்த நாள் நாங்க பாத்திரம் கழுவல."

"அதை அவங்ககிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"விருந்தாளிகிட்டப் போய் எப்படிச் சொல்றது?"

"விருந்தாளி இல்லம்மா அவங்க, ஆபீசருங்க."

"மேட்டுக்கு ஏறி வர்றவங்க எல்லாரும் எங்களுக்கு விருந்தாளிதான்."

"இப்ப என்கிட்டச் சொல்றியே?"

"நீங்க எங்க வந்தீங்க? நான்தானே வந்திருக்கேன்."

கவுன்ட்டர் அம்மா சிரித்துவிட்டாள். கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள்.

"வர்ற வாரம் புதுசா ஒரு இன்ஜினீயர் வரச் சொல்லி எழுதறேன். நல்ல மனுஷன். ஆனா ஒண்ணு. இந்த நிதிக்கு இதுதான் கடைசி. இதுலயும் தண்ணி இருக்குன்னு எழுதிட்டாருன்னா வேற பக்கம் போயிடும், திரும்பி வராது. அதனால உங்க ஜனங்ககிட்டச் சொல்லு. கும்பிட்டுக் கேட்டுக்கறேன், அந்த ஒருநாள் குடத்தைக் காலியா வைங்க."

அந்தக் கடைசி என்ற வார்த்தை பஸ்ஸிலும் அவளோடு உட்கார்ந்து வந்தது. காரணம், வீட்டில் ஆணியில் ஒரு சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகாய நீலம். பையில் ஒரு கிடங்கின் முத்திரை. அவள் புருஷனுக்குக் கீழே பட்டணத்துக் கிடங்கில் காவல் வேலை சொல்லி வைத்திருந்தார்கள். சட்டையும் கொடுத்துவிட்டார்கள். இந்தத் தடவையும் நிதி வராவிட்டால் இறங்கிவிடுவது என்று அவன் முடிவு பண்ணிவிட்டான். அவன் இறங்கினால் அவனைப் பார்த்து மற்ற வீடுகளும் இறங்கும். அவனையும் குற்றம் சொல்ல முடியாது. "உன் முட்டி தேயறதைப் பாத்துக்கிட்டு நான் எத்தனை காலம் இருக்கறது?" என்றுதான் கேட்டான்.

கீழே பார்த்து வைத்த அறையை அவளும் ஒருநாள் போய்ப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். இங்கே பாத்திரம் விழுந்தால் அங்கே இருக்கிறவர் "யாரு?" என்று கேட்கிறார். குழாயைத் திருப்பினால் தண்ணீர் கொட்டியது, அது நிஜம். ஆனால் தெருவில் போன யாரும் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. செயலாளராக இருந்துவிட்டு அங்கே போய் மூன்றாம் வீட்டுக் காவல்காரர் பெண்டாட்டியாக இருக்க அவளுக்கு மனசில்லை.

அன்று சாயங்காலமே வரிசை வீட்டு ஜனங்களை எல்லாம் கூட்டினாள். விஷயத்தைச் சொன்னாள். குடத்தைக் காலியாக வைக்க வேண்டும் என்றதும் கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. முதலில் வாய் திறந்தது நாத்தனார்தான். அந்த மேட்டில் பேச்சு எப்போதும் அவளிடமிருந்துதான் புறப்படும்.

"ஏண்டி, வர்றவன் முன்னாடி காலிக் குடத்தை வச்சிட்டு நான் எங்க போய் முகத்தை வச்சுக்கறது?"

"இருக்கற எடத்துலயே வச்சுக்கோங்க அண்ணி. ஒருநாள்தானே."

"உன் மேட்டுல அப்படித்தான் வளத்தாங்களா?"

"எங்க மேட்டுலயும் இதே பைத்தியம்தான். அங்கயும் அணை வரல."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாத்தனார் முறைத்த முறைப்பில் சிரிப்பு உள்ளே போய்விட்டது.

"ஏறி வர்றவன் தாகத்தோட வருவான்டி."

"குடிக்க ஒரு செம்பு குடுங்க, வேணாங்கல. வாசல்ல வரிசையா நிறைச்சு வைக்காதீங்க. கேட்டா இல்லன்னு சொல்லுங்க. இல்லாததைத்தானே இல்லங்கறோம்?"

இழுத்துப் பறித்து, கடைசியில் எல்லாரும் சரி என்றார்கள். நாத்தனாரும் சரி என்றாள். அவள் சொன்ன தொனி, பல்லைப் பிடுங்குகிற வைத்தியரிடம் சொல்கிற சரி.

சொன்ன நாளில் செயலாளர் பஸ் நிற்கிற இடத்துக்கு இறங்கிப் போனாள். இன்ஜினீயர் இறங்கினார். கொஞ்சம் பருமன், கையில் குடை, காலில் புதுச் செருப்பு. ஏற்றத்தைப் பார்த்து "இதுதான் வழியா?" என்று கேட்டார். "இதான் சார், மேல போனா நல்லாயிருக்கும்" என்றாள் அவள்.

பாதி வழியில் அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மற்றவர்களுக்கு அவ்வளவு உபதேசம் பண்ணினவள்தானே. "சார், தண்ணி..." என்று ஆரம்பித்தாள். அவர் மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தார். வந்திருக்கிற விருந்தாளி, வியர்த்து விறுவிறுத்து நிற்கிற விருந்தாளி. அதோடு அவள் நாக்கு மடங்கிக்கொண்டது. அவளுக்கும் அதே வியாதிதானே, வேறென்ன.

"தண்ணியாம்மா? தாகமா இருக்கா?" என்று அவர் தோள்பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்து நீட்டினார். பாட்டிலில் இருந்ததே அடியில் கொஞ்சம்தான். "நீங்க குடிங்க, எனக்கு மேல போய்க் கிடைக்குமே."

அந்த மேட்டுக்கு வந்த விருந்தாளி யாரும் அதுவரை அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்ததில்லை. வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே ஏறினாள்.

மேலே வந்து பார்த்தால், வரிசை வீடு அத்தனையிலும் வாசலில் குடங்கள். விளிம்பு வரைக்கும் நிறைந்து, வெயிலில் பளபளவென்று, அவளைப் பார்த்து இளிக்கிற மாதிரி நின்றன. எல்லாரும் அவள் கண்ணில் படாமல் இருட்டிலேயே இன்னொரு வழியாக ஊற்றுக்கு ஓடி மொண்டு ஒளித்து வைத்ததை, அவள் இறங்கின கையோடு வாசலுக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். நாத்தனார் வாசலில் ஒரு அண்டாவே நிறைந்திருந்தது. சரி, நம் வீடாவது என்று திரும்பினாள். அங்கே அவள் புருஷன், நனைந்த வேட்டியோடு, கடைசிக் குடத்தை இறக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"நீயுமா?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எல்லாரும் தூக்கறப்ப நம்ம வீடு மட்டும் காலியா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றான். நிதி வராவிட்டால் கீழே இறங்குகிறவன் பேசுகிற பேச்சா இது என்று அவளுக்குத் தோன்றியது.

இன்ஜினீயருக்குக் கால் கழுவத் தண்ணீர் வந்தது. குடிக்க வந்தது. நாற்காலி வந்தது. அவர் ஒவ்வொரு வீடாகப் பார்த்தார், செல்போனில் குடங்களைப் படம் எடுத்தார்.

"வெயில் காலத்துல தண்ணிக்குக் கஷ்டம் உண்டா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றாள் நாத்தனார், முகத்தை எங்கேயும் ஒளித்து வைக்காமல்.

"ஊத்து ஒண்ணு இருக்குன்னு மனுவுல இருக்கே, அதைப் பாக்கலாமா?"

"அது எதுக்குங்க, வெயில்ல. நீங்க உக்காருங்க."

இன்ஜினீயர் பெருமூச்சு விட்டார். "பரவாயில்லம்மா, நல்லாத்தான் இருக்கு ஊரு" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரும்புகிற பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மடியில் வைத்த காகிதத்தில் எழுத ஆரம்பித்தார்.

செயலாளர் விடுவிடுவென்று வீட்டுக்குள் போனாள். தன் குடத்துத் தண்ணீரை ஒரு சொட்டு சிந்தாமல் சமையல் பாத்திரங்களில் ஊற்றினாள். திரும்பும்போது ஆணியில் தொங்கின ஆகாய நீலச் சட்டை கண்ணில் பட்டது. அதையும் உருவிக்கொண்டாள். காலிக் குடத்தோடு நேரே இன்ஜினீயரிடம் வந்து நீட்டினாள்.

"சார், இதைக் கொஞ்சம் பிடிங்க."

நல்ல மனுஷன். ஒரு பெண்பிள்ளை எதையாவது நீட்டினால் என்ன ஏதென்று கேட்காமல் வாங்கிக்கொள்கிற மனுஷன். பேனாவைப் பையில் செருகிவிட்டு, இரண்டு கையாலும் குடத்தை வாங்கிக்கொண்டார்.

குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தவள் ஆட்டுவதை நிறுத்திவிட்டாள். நாத்தனார் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. குடத்தைப் பார்த்தாள், அதைப் பிடித்திருக்கிற கையைப் பார்த்தாள், தம்பி பெண்டாட்டியைப் பார்த்தாள். இத்தனை வருஷம் ஒரே ஊற்றில் மொண்டவர்கள், பார்வையே போதும். பிறகு நாத்தனார் முகத்தில் இருந்த உபசாரம், பாறையில் வெயில் பட்ட ஈரம் மாதிரி, கண்ணெதிரே காய்ந்து போனது.

"தொட்டுட்டியா?" என்றாள். "சரி, நின்னுக்கிட்டு இருக்காத. ஊத்துக்குப் போயிட்டு வா."

"நானா?" என்றார் இன்ஜினீயர்.

"பின்ன, குடம் தானா நடந்து போகுமா? வந்ததுலேர்ந்து உக்காந்துதானே இருக்க."

செயலாளர் முன்னால் நடந்தாள். அவர் குடத்தோடு பின்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் மேடே இறங்கியது. அடக்கி வைத்ததெல்லாம் அந்த இறக்கத்தில் உருண்டது.

"தம்பி, நீ கால் கழுவினியே, அது என் மத்தியானச் சோத்துக்கு வச்சிருந்த தண்ணி."

"எங்க வீட்டுல புள்ளையக் குளிப்பாட்டி நாலு நாளாச்சு தெரியுமா? ரெண்டாவது செம்பு கேட்டியே நீ."

"நான் கேக்கலியே, நீங்கதானே குடுத்தீங்க?"

"குடுத்தா வாங்கிடறதா?"

இன்ஜினீயர் தலை சுற்றி நின்றார். "அப்ப நான் கேட்டப்ப ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே, எல்லாரும்?"

"அப்ப நீ விருந்தாளி" என்றாள் நாத்தனார். "பாத்து எறங்கு. அந்தக் கல்லு ஆடும்."

ஊற்று என்றால் ஏதோ பொங்கி வழிகிறது என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. பாறை இடுக்கில் ஒரு கை அகலக் குழி, அதில் கண்ணீர் தேங்கின மாதிரி கொஞ்சம். ஒரு கரண்டி கிடந்தது. மொண்டு ஊற்ற வேண்டும், குழி திரும்ப ஊறுகிற வரை காத்திருக்க வேண்டும், மறுபடி மொள்ள வேண்டும். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மொண்டார். முதலில் சிரித்தபடி மொண்டார். அப்புறம் சிரிக்காமல் மொண்டார். குடம் பாதிகூட ஆகவில்லை. புதுச் செருப்பு பாறையில் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது.

"இதுலேர்ந்தா அத்தனை குடமும்?" என்று கேட்டார்.

"விடியறதுக்குள்ள ஆரம்பிச்சா ஆயிடும்" என்றாள் ஒருத்தி, அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பது போல.

ஏறும்போது செயலாளர் அந்த நீலச் சட்டையைச் சுருட்டி, வளையமாகச் சுற்றி, சும்மாடாக அவர் தலையில் வைத்தாள். அதன்மேல் குடத்தை ஏற்றினாள். அவள் புருஷன் பக்கத்தில்தான் வந்துகொண்டிருந்தான். தன் சட்டை யார் தலையில் எப்படிப் போகிறது என்று பார்த்தான். குடம் சாய்கிற பக்கமாகப் போய், கையை லேசாக முட்டுக் கொடுத்தபடி நடந்தான்.

பாதி ஏற்றத்தில் கீழேயிருந்து பஸ்ஸின் ஹாரன் கேட்டது. இன்ஜினீயருக்குக் கையசைக்கக்கூட முடியவில்லை. இரண்டு கையும் குடத்தில் இருந்தது. பஸ் போய்விட்டது. அந்தத் திடுக்கில் குடம் சாய்ந்து, கொஞ்சம் தண்ணீர் அவர் காதோரம் வழிந்தது.

"சிந்தாத" என்றாள் நாத்தனார் பின்னாலிருந்து. "சிந்தினா இன்னொரு நடை."

மேலே வந்து குடத்தை இறக்கிவிட்டு, நாற்காலியைத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்தார். தொண்டையைத் தடவிக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி" என்றார்.

நாத்தனார் அவர் கொண்டு வந்த குடத்திலிருந்தே மொண்டு கொடுத்தாள். டம்ளரில் பாதி.

"அவ்வளவுதானா?"

"வீட்டு ஆளுங்களுக்கு அவ்வளவுதான்."

அவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். பிறகு எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தார். அடித்தார். பின்பக்கம் திருப்பிப் புதிதாக எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, "முன்னாடி வந்தவங்க கையிலயும் இப்படிக் குடத்தைக் குடுத்திருக்கலாமேம்மா" என்றார்.

செயலாளர் அவருடைய பாட்டிலை அவர் பக்கத்தில் வைத்தாள். அதில் அடியில் இருந்த தண்ணீர் அப்படியே இருந்தது.

"அவங்க யாரும் இதை நீட்டல சார்" என்றாள்.

அடுத்த பஸ் வர வெகுநேரம் ஆனது. அதற்குள் அவர் வீட்டு ஆளாகி, இரண்டு வசவும் ஒரு வெல்லக் கட்டியும் வாங்கிவிட்டார்.

அந்தத் தடவை நிதி வந்தது. மழைக்கு முன்னாலேயே ஓடையில் தடுப்பணையைக் கட்டி முடித்தார்கள். கல் சுமந்ததில் பாதி செயலாளரின் புருஷன்தான். கிடங்கிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள். "சட்டை நனைஞ்சு போச்சு, சாயம் போயிடுச்சு, இனிமே போட முடியாது" என்று சொல்லி அனுப்பினான். சாயமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அலுவலகத்தில் கவுன்ட்டர் அம்மா இப்போது வேறு மேட்டு ஜனங்கள் மனுவோடு வந்தால், கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு முதலில் ஒரு கேள்வி கேட்கிறாளாம். "வர்ற ஆபீசருக்கு உங்க ஊர்ல நாற்காலி போடுவீங்களா, குடம் குடுப்பீங்களா?" நாற்காலி என்றால், "போய் அந்தச் செயலாளரைப் பாத்துட்டு வாங்க" என்று பஸ் நம்பரை எழுதிக் கொடுக்கிறாள்.

மழை வந்து தொட்டி நிறைந்த பிறகு குழாய் திறக்க ஒருநாள் வைத்தார்கள். பெரிய பெரிய அதிகாரிகள் எல்லாரும் ஏறி வந்தார்கள். எல்லாருக்கும் கால் கழுவத் தண்ணீர், எல்லாருக்கும் நாற்காலி. இன்ஜினீயரும் அவர்களோடு வந்து, ஓரத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்காரப் போனார்.

"நீ எங்க உக்கார்ற?" என்றாள் நாத்தனார். "போய்க் குழாயடியில குடத்தைப் பிடி."

மேலதிகாரிகள் திரும்பிப் பார்த்தார்கள். இன்ஜினீயர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்து போனார். குழாயைத் திருப்பினதும் குடத்தின் அடியில் தண்ணீர் விழுகிற சத்தம் கணீரென்று கேட்டது. நிறைகிற வரை அவர் வேறெங்கும் பார்க்கவில்லை. தூக்கிக்கொண்டு வந்து நாத்தனார் வாசலில் இறக்கினார்.

அவள் டம்ளரை எடுத்தாள். அவர் கையை நீட்டிக்கொண்டு, "எனக்குப் பாதிதானே?" என்றார்.

நாத்தனார் ஊற்றினாள். பாதியில் நிறுத்தவில்லை. விளிம்பைத் தொட்டு, தளும்பி, அவர் விரல் நனைந்து தரையில் வழிகிற வரை ஊற்றினாள்.

"இப்ப இருக்குல்ல," என்றாள், "குடி."